நான் மாற்றிய இருநூற்று நாற்பத்தோரு இடங்கள்

என் தம்பி ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறான். இடது பக்கம் இருக்கும் அகலமான லிஃப்ட் அவனுடையது. கட்டிலோடு நோயாளிகளை ஏற்றி இறக்குவதற்கென்று அதை வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஏழு மாடி. இருபத்து நான்காவது வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்தான். இப்போது அவனுக்கு நாற்பத்தாறு. இடையில் பதினோரு வருடம் மாலைக் கல்லூரியில் படித்து, கவிதையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அவன் இன்னும் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் நான். அதை விட்டுவிட்டு அவனைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான் அவனுக்கு அக்கா, நான்கு வயது மூத்தவள். அப்பா போனபோது நான் பத்தாவது முடித்திருந்தேன். தெருமுனையில் இருந்த டைப் கடையில் சேர்ந்தேன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். நான் படிப்பை விட்டதை அவனிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதை அவனைப் பிடித்துக்கொண்டது லிஃப்டுக்குள்தான். யாரோ ஒரு நோயாளியின் உறவினர் முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். தொலைந்த பொருள்கள் வைக்கும் அலமாரியில் ஆறு மாதம் கிடந்தது. யாரும் கேட்டு வரவில்லை. அதற்குப் பிறகு அவனே எடுத்துக்கொண்டான். பொத்தான் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண் எழுதிய அறுபத்தொரு கவிதைகள். முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனவர். பெரிதாக யாருக்கும் தெரியாத பெயர். என் தம்பி அந்த அறுபத்தொன்றையும் மனப்பாடம் செய்தான். பிறகு அவரைப் பற்றி வேறு என்ன இருக்கிறது என்று தேடினான். எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தானே எழுதுவதென்று முடிவு செய்தான். அதற்கு முதலில் படிக்க வேண்டும் என்றார்கள். சரி என்று மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

உள்ளே ஆள் இருக்கும்போது புத்தகத்தைத் தொடமாட்டான். காலி லிஃப்டை ஏழாவது மாடிக்கு அழைத்தால், கீழிருந்து மேலே போக முப்பத்தெட்டு விநாடி ஆகும். அந்த முப்பத்தெட்டு விநாடிதான் அவனுடைய நூலகம். நோட்டு முழங்காலில், பேனா காதில். நர்சுகள் அவனுக்குப் புலவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"புலவரே, அவசரம். விருத்தமெல்லாம் வேணாம், சின்ன வெண்பாவாப் போங்க" என்று கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருவார்களாம். அவனும் சிரித்தபடி பட்டனை அழுத்துவான்.

வீட்டில் நான், அவன், அம்மா. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு அந்தக் கவிஞர் மேல் தீராத கோபம். "செத்துப் போனவளுக்காக இத்தனை நோட்டு எழுதுறான். உயிரோட இருக்கிற ஒருத்திக்கு ஒரு கடிதாசி எழுதியிருந்தா இந்நேரம் எனக்குப் பேரன் இருப்பான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கவிதையை எங்களுக்குப் படித்துக் காட்டினான். ஆலையிலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் உடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொத்தான் விழுகிறது. மாடிப்படியில் உருண்டு போகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கவிதை. அதற்கு அவன் எழுதியிருந்த விளக்கத்தையும் வாசித்தான். அதிலும் பொத்தான் உருள்கிறது, அவள் நடக்கிறாள் என்றே இருந்தது.

"அவங்க செத்து முப்பது வருஷம் ஆச்சுன்ன. பொத்தான் அன்னைக்கே கீழ போய் நின்னிருக்குமேடா" என்றேன்.

"அவங்க பொறந்தது, ஆலையில சேந்தது, செத்தது எல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. அதை நான் முடிஞ்ச மாதிரிதான் எழுதுறேன். கவிதைக்குள்ள நடக்கிறது முடியல. இப்ப நான் படிச்சேன், உருண்டுச்சு இல்ல? நாளைக்கு நீ படிச்சாலும் உருளும்."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அப்போ கடைசிவரைக்கும் அதை யாரும் எடுத்துத் தைக்கப்போறதில்ல."

அவன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும்: எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடம் கழித்து ஆய்வேடு முடிந்தது. கோடு போட்ட நோட்டு ஐந்து. மாலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஓர் இடம் காலியாகப்போகிறது என்று அவனுடைய நெறியாளர் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் வேலையில் சேர நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், கையில் பட்டம் இருக்க வேண்டும். அவனுக்கு நாற்பத்தைந்து ஆக நான்கு மாதம் இருந்தது. ஒரு மாதத்தில் டைப் செய்து கொடுத்துவிட்டால் ஆய்வேட்டுக்கான நேர்காணல் முடிந்து, பட்டமும் வந்து எல்லாம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். நோட்டுகளை என் கையில் கொடுத்தபோது அவன் சொன்னது இது:

"கவிதை வரிகளை மட்டும் நான் சரி பாத்துடறேன். மத்தது நீ டைப் பண்ணினா அதுல நான் பாக்க என்ன இருக்கு?"

எங்கள் கடையில் எல்லாமும் வரும். மனுக்கள், விண்ணப்பங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் ஏடுகள். எங்களுக்கு வழக்கமாக வருவது நினைவஞ்சலி அட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் அட்டையில், வீட்டார் எழுதிக் கொடுத்தபடியே, 'எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறார்' என்று அடித்துவிட்டேன். மறுநாள் அவருடைய மருமகன் நூறு அட்டையையும் மேசையில் போட்டு, "எங்கேம்மா பழகுறாரு? கூட்டிட்டு வாங்க, வீட்ல எல்லாரும் ஆசையா இருக்கோம்" என்றார். அன்றிலிருந்து கடையில் ஒரு பழக்கம். இறந்தவர் யாராக இருந்தாலும் எல்லாம் நடந்து முடிந்ததாகவே எழுத வேண்டும். வீட்டார் அழுதுகொண்டே தப்பாக எழுதிக் கொடுத்தாலும் நாங்கள் மாற்றிவிடுவோம். மாற்றிய இடத்துக்கு நேராக மூலத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். வந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

தம்பியின் முதல் நோட்டைத் திறந்தேன். 'கவிஞர் இங்கே ஆலையின் வாசலில் நிற்கிறார்' என்று இருந்தது. என் விரல்கள் 'நின்றார்' என்று அடித்தன. அடித்த பிறகு நிறுத்தி யோசித்தேன். சமையலறையில் அவன் சொன்னது மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். நினைவு இருந்தது. வீட்டில் பேசும்போது அப்படிச் சொல்லலாம், பெரிய படிப்புப் படித்தவர்கள் முன்னால் வைக்கும்போது ஒழுங்காக இருக்க வேண்டாமா என்று நினைத்தேன். வீட்டில் கிழிந்த சட்டையோடு இருப்பவன் ஆபீசுக்கு அப்படியே போனால் பார்த்துக்கொண்டு இருப்போமா? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாலையில் வீட்டுக்குத்தான் போகிறேன். ஆனால் கேட்டால், தெரியாதவள் கேட்பது போல ஆகிவிடும். முப்பத்திரண்டு வருடம் டைப் அடித்தவள் நான்; அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியவள். கேட்கவில்லை. பென்சிலை எடுத்து முதல் புள்ளியை வைத்தேன்.

வேலை வேகமாக ஓடியது. சொல்கிறார் என்பது சொன்னார் ஆனது. பார்க்கிறார் என்பது பார்த்தார் ஆனது. பொத்தான் உருண்டது. புள்ளி வைக்க வைக்க எனக்குள் ஒரு சந்தோஷம். அவன் படித்த படிப்பில் எனக்கும் ஒரு கை இருக்கிறது என்பது போல.

மூன்றாவது அத்தியாயத்தின் நடுவில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் பத்து நாள் கையை அசைக்கக் கூடாது என்றார். மிச்சத்தைக் கடையில் என்னோடு இருக்கும் மின்னல் அடித்துக் கொடுத்தாள். அவளுடைய வேகத்துக்காக அந்தப் பெயர். தாளில் கொசு ஒட்டியிருந்தால் கொசுவையும் சேர்த்து அடிப்பாள். எதையும் யோசிக்க மாட்டாள். மாற்றி அடி என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால், ஏன் என்று விளக்க வேண்டும். கை சரியானதும் நானே மாற்றிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். கை சரியான அன்று பைண்டிங்குக்குக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. தம்பி கவிதை வரிகளை மட்டும் சரி பார்த்தான். ஓர் எழுத்துப் பிழை இல்லை. "உன்னை மாதிரி யாரு அடிப்பா" என்றான். நான் தாள்களை அடுக்கி பைண்டிங்குக்குக் கட்டினேன்.

நேர்காணல் கல்லூரியின் சிறிய கூடத்தில், பகல் பதினொரு மணிக்கு நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். தம்பி கடன் வாங்கிய கோட்டில் இருந்தான். கோட்டின் கைகள் அரை அங்குலம் நீளம். மருத்துவமனையிலிருந்து நான்கு நர்சுகள் வந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். தொடங்கும்போதே நெறியாளர் அம்மா, "பார்வையாளர்களும் பேசலாம், கேள்வி கேட்கலாம்" என்று சொன்னார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியானவர், கண்ணாடியில் கயிறு கட்டியிருந்தார். நாற்பது நிமிடம் நன்றாகத்தான் போனது. தம்பி பேசியதைக் கேட்டு அவரே இரண்டு முறை தலையாட்டினார். பிறகு மஞ்சள் தாள் செருகி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"நூத்துப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் இந்த அம்மா எல்லாத்தையும் செய்து முடிச்சுட்டாங்க. நின்னாங்க, பார்த்தாங்க, சொன்னாங்க. நூத்துப் பதிமூணுல திடீர்னு எழுந்து உக்காந்துட்டாங்க. நிக்கிறாங்க, பாக்குறாங்க, சொல்றாங்க. நடுவுல என்னங்க நடந்துச்சு?"

கூடம் சிரித்தது. ஒரு நர்சு, "நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க" என்று மெல்லச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

தம்பி தன் பிரதியைப் புரட்டினான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், பின்னர் முதல் பக்கம். பிறகு திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பை மேல் இருந்த என் கைகளைப் பார்த்தான்.

"உங்க கருத்து எது? எது சரி?" என்றார் தேர்வாளர்.

"ரெண்டாவதுதான் சார். கவிதையைப் பத்திச் சொல்றப்ப இப்ப நடக்கிறதாத்தான் சொல்லணும். அவங்க வாழ்க்கை முடிஞ்சுபோச்சு. கவிதையில அவங்க இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. நான் ஒவ்வொரு வாட்டி திறக்கிறப்பவும் நிக்கிறாங்க."

"நல்லாச் சொல்றீங்க. இவ்வளவு தெளிவா இருக்கிற ஆளு நூத்துப் பன்னிரண்டு பக்கம் வேற மாதிரி எழுதுவாரா? அப்போ அந்தப் பக்கங்களை யார் எழுதினது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். வேறு ஒருவரின் ஏட்டை எடுத்து ஒட்டியிருக்கிறானோ என்ற சந்தேகம் அது. டைப் கடையில் இருக்கும் எனக்கு அப்படிப்பட்ட ஏடுகள் தெரியும்.

நான் எழுந்து நின்று, "நான்தாங்க மாத்தினேன், நான் அவனோட அக்கா" என்று சொல்லியிருந்தால் போதும். எட்டுச் சொற்கள் கூட வராது. என் கால்கள் சரியாகத்தான் இருந்தன. பத்தாவது படித்த பொம்பளை ஆராய்ச்சியைத் திருத்தினாளா என்று அந்தக் கூடம் என்னைப் பார்க்கும். அது ஒன்றுதான் என் கண்முன் வந்தது. கைப்பையின் ஜிப்பை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"எல்லாப் பக்கமும் நான்தான் சார் எழுதினேன்" என்றான் தம்பி. "தப்பு என்னுது."

தேர்வாளர் தன் அறிக்கையை எழுதினார். ஆய்வேட்டை முழுதாகத் திருத்தி, ஆறு மாதம் கழித்துச் சமர்ப்பிக்க வேண்டும். முதல் மூன்று அத்தியாயங்கள் மாணவருடைய சொந்த எழுத்துதானா என்பதைத் துறை உறுதி செய்ய வேண்டும். நெறியாளர் அம்மா அதைப் படித்தபோது அவர் முகமே வாடிவிட்டது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கி நடக்கும்போது, "பசிக்குதுக்கா" என்றான். வீட்டில் அம்மா இருந்ததால் மொட்டை மாடிக்குப் போனோம். துணி காய்ந்துகொண்டிருந்தது. அவன் கோட்டைக் கழற்றி மடித்தான்.

"எத்தனை இடம்?"

"இருநூத்து நாப்பத்தொன்னு."

"எண்ணி வேற வச்சிருக்கியா?"

"புள்ளி வச்சிருக்கேன்டா. நோட்டுல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என்னைச் சொல்லியிருக்கலாமேடா. அக்காதான் மாத்தினான்னு."

"டைப் பண்ணினவங்க மேல பழியைப் போடறது எல்லாரும் செய்றதுதானேக்கா. நான் சொன்னா நம்பியிருக்க மாட்டார்." கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "நீயா எழுந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பார்."

திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. மழை வந்தால் துணி நனையும் என்று சொல்வது போலச் சொன்னான். சொல்லிவிட்டுக் கீழே சாப்பிடப் போனான்.

நான்கு நாள் கழித்து, ஐந்து நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அவனிடம் சொல்லாமல் நெறியாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். ஓரத்தில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பத்துப் பக்கம் பார்த்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, அன்னைக்கு நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம். ஒரு வாரத்துல திருத்திக் கொடுங்கன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போ அறிக்கை போயாச்சு. சந்தேகத்தை எடுத்துடலாம், அதுக்கு நீங்க எழுதிக் கொடுங்க. ஆறு மாசத்தை எடுக்க முடியாது."

எழுதிக் கொடுத்தேன். அவர் மேசையிலேயே, என் கையால். 'நான் மாற்றினேன். என் தம்பியைக் கேட்காமல் மாற்றினேன். நேர்காணலில் தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.' எல்லாம் நடந்து முடிந்தது என்று எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.  அறிக்கையிலிருந்து சந்தேகத்தை நீக்கினார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் தம்பிக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. கல்லூரி வேலை வேறு ஒருவருக்குப் போனது. நல்லவர், தம்பியோடு பழக்கமாகிவிட்டார். ஏழாவது மாதம் பட்டம் வந்தது. நர்சுகள் லிஃப்டுக்குள் பலூன் கட்டினார்கள். கட்டிலை நுழைக்க முடியாமல் மேற்பார்வையாளர் வந்து கழற்றச் சொன்னார்.

அதற்கு முன்னால், திருத்திய ஏட்டையும் நான்தான் அடித்தேன். வேறு யாரிடமாவது கொடுப்பான் என்று காத்திருந்தேன். அப்படிக் கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் கொடுக்கவில்லை. டியூட்டி முடிந்து ஐந்து மணிக்குக் கடைக்கு வருவான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் படிப்பான். நான் காதால் கேட்டதை அடிப்பேன். திரையை அவன் பார்ப்பதே இல்லை. அதுதான் என்னைத் தின்றது. பார்க்கக் கூடாதா, ஒவ்வொரு சொல்லையும் சரி பார்க்கக் கூடாதா என்று இருந்தது. "பாருடா" என்பேன். "நீதானே அடிக்கிற" என்பான்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, இரண்டாவது அத்தியாயத்தில் ஓரிடத்தில் நிறுத்தினான். அந்தக் கவிஞர் ஆலையில் தன்னோடு வேலை பார்த்து வெளியூர் போய்விட்ட தோழிக்கு எழுதிய கவிதை. பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பதாக வரும். அந்தத் தோழி திரும்பி வரவே இல்லை என்று தம்பி அலைந்து கண்டுபிடித்திருந்தான்.

"இது ஒண்ணு எனக்கே குழப்பமா இருக்குக்கா. நோட்டுல ரெண்டு தடவை அடிச்சு மாத்தியிருக்கேன். கவிதையில காத்திருக்கிறாங்க. ஆனா நான் இந்த வரியில சொல்ல வர்றது நிஜமாவே அவங்க போய் நின்னதை. காத்திருக்கிறாரா, காத்திருந்தாரா? நீ சொல்லு, எது உனக்குச் சரியாப் படுது?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்பானே, அதே முகம். மின்னல் கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு பதில் இருந்தது. அந்த வரியை அவன் படித்தவுடனேயே தோன்றிவிட்டது. ஏன் என்றுகூடச் சொல்லியிருக்க முடியும்.

"எனக்கென்னடா தெரியும்" என்றேன். "நீயே சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். அவை விசைப்பலகைக்கு மேலே, எதையும் தொடாமல் நின்றன.

"சரி, அதை விடு. அடுத்த வரிக்குப் போகலாம்."

ஒரு சொல்லுக்கு இடம் விட்டு அடுத்த வரிக்குப் போனேன்.